பியானோ சுத்தியலுக்கு ஓர் ஊசி: எந்தக் கருவியை வாங்குவது?

டிசம்பர் மழையில் எங்கள் வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுப் பியானோவில் ஒரே ஒரு கட்டை மக்கர் செய்தது. முதல் தடவை அழுத்தினால் ஒலிக்கும், உடனே மறுபடி அழுத்தினால் சத்தமே வராது. முன்பலகையைக் கழற்றிப் பார்த்தேன். கம்பியை அடித்த சுத்தியல் திரும்பி வராமல் பாதி வழியிலேயே நின்றுகொண்டிருந்தது.

சுத்தியல் ஆடுவது ஃபிளேஞ்ச் என்ற சின்ன மரத்துண்டில், கதவுக் கீல் மாதிரி. அந்தக் கீலுக்கு அச்சு சென்டர் பின் என்கிற ஊசி, தடிமன் ஏறக்குறைய 1.27 மில்லிமீட்டர். ஊசியின் நடுப்பகுதி சுத்தியல் மரத்தில் இறுகியிருக்கும், இரண்டு முனைகளும் ஃபிளேஞ்சின் இரு காதுகளில் ஒட்டிய கம்பளித் துணிக்குள் சுழலும். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். அந்த ஈரத்தை உறிஞ்சிக் கம்பளி உப்பும், மரமும் நாருக்குக் குறுக்கே உப்பும், நடுவில் மாட்டிய ஊசி சுழல முடியாமல் இறுகிவிடும். தயவுசெய்து எண்ணெய் விடாதீர்கள்; அது கம்பளியில் ஊறி, நாளடைவில் பிசினாகிவிடும்.

இதற்கு வழி, பழைய ஊசியை எடுத்துவிட்டு, கம்பளித் துளையைச் சற்றே பெரிதாக்கி, அதற்குச் சரியான தடிமனில் ஊசி மாட்டுவதுதான். சரி, கருவிக்கு வருவோம். முதல் காசை அளக்கும் கருவிக்குத்தான் கொடுக்க வேண்டும். சென்டர் பின்களின் தடிமனுக்கு அளவு எண்கள் உண்டு, அவை அரை அரை எண்ணாக வரும், ஓர் அரை எண்ணுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் வெறும் 0.025 மில்லிமீட்டர். தாடைகளுக்கு நடுவே வைத்து அளக்கும் டிஜிட்டல் கேலிப்பர் திரையில் 0.01 வரை காட்டுகிறதே என்று பலர் நம்பிவிடுகிறார்கள், ஆனால் சாதாரண கேலிப்பரின் பிழையே 0.02, 0.03 வரை போகும். அதாவது நாம் தேடுகிற வித்தியாசம் அந்தப் பிழைக்குள்ளேயே காணாமல் போய்விடும். திருகைச் சுழற்றி இன்னும் நுட்பமாக அளக்கும் மைக்ரோமீட்டர்தான் வேண்டும், பழையதாக இருந்தாலும் பரவாயில்லை.

அடுத்து ரீமர், கம்பளித் துளையைத் துளித் துளியாகப் பெரிதாக்குவதற்கு. இதைக் கடையில் தேட வேண்டாம். அதே தடிமனுள்ள பழைய பின் ஒன்றை நைஸான உப்புத்தாளில் உருட்டிச் சொரசொரப்பாக்கி, கைப்பிடிச் சக்கில் (ஊசியை இறுக்கிப் பிடிக்கும் பிடியில்) மாட்டினால் போதும். கூம்பு வடிவ ரீமர் மட்டும் வேண்டவே வேண்டாம். அது ஒரு காதை அதிகமாகவும் இன்னொன்றைக் குறைவாகவும் திறந்துவிடும், சுத்தியல் பக்கவாட்டில் ஆடிப் பக்கத்துக் கம்பியையும் தொடும். மின்துரப்பணமும் வேண்டாம், கம்பளி சூடாகிப் பிசிறடிக்கும். கையால் திருப்பும்போது துணி எங்கே விட்டுக்கொடுக்கிறது என்று விரலுக்கே தெரியும், அந்த உணர்வு மோட்டாரில் கிடைக்காது.

ஃபிளேஞ்சே உடைந்திருந்தால் புதிதாகச் செய்யலாம். அதற்கு இழுத்து அறுக்கும் ஜப்பானிய ரம்பம் நல்லது: இழுக்கும்போது தகடு விறைத்து நேராக நிற்கும், அதனால் மெல்லியதாகவே செய்ய முடிகிறது, தள்ளி அறுக்கும் ரம்பம் மடங்காமல் இருக்கத் தடிமனாக இருந்தாக வேண்டும். மர நார் ஃபிளேஞ்சின் நீளவாக்கில் ஓடட்டும், இல்லையென்றால் காது முறிந்துவிடும். துணியைக் கத்தரிக்கோலால் நசுக்காமல் புது பிளேடால் வெட்டுங்கள்.

பின்னை மாட்டியதும் சுத்தியலைப் பிடித்துக்கொண்டு, ஃபிளேஞ்சை அதன் திருகோடு சேர்த்துக் கிடைமட்டமாக வைத்து, பிறகு கையை எடுத்துவிடுங்கள். ஃபிளேஞ்ச் தன் எடையிலேயே மெல்ல இறங்கினால் சரி. தொப்பென்று விழுந்தால் அரை எண் பெரிய ஊசி, இறங்கவே இல்லையென்றால் ரீமரால் இன்னொரு சுற்று. ஆனால் இந்தச் சோதனையை ஏர்கான் அறையில் செய்யாதீர்கள்; அங்கே காற்று வறண்டிருப்பதால் கம்பளி உப்பாமல் இருக்கும். நான் அப்படித்தான் செய்தேன், மறுநாள் காலை அதே கட்டை மறுபடி நின்றுவிட்டது. இரவு முழுக்க ஏர்கானை அணைத்து, பியானோ நிற்கிற அறையிலேயே ஃபிளேஞ்சை வைத்திருந்து, அப்புறம் அளந்து மாட்டினேன்.