கூழை இளக்கும் முளை

ஆறு மாதம் முடிந்த பெண் குழந்தையின் தாய் ஒருவர் கேட்டிருக்கிறார்: “கேழ்வரகுக் கூழைக் கெட்டியாகக் கொடுத்தால் நாக்கால் வெளியே தள்ளிவிடுகிறாள். நீர்க்கக் கரைத்தால் குடிக்கிறாள், ஆனால் எடை ஏறவில்லை. என்ன செய்வது?”

எடை ஏறாததை முதலில் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். நாக்கால் தள்ளுவதற்கு வெறுப்பு காரணமில்லை. வாய்க்குள் வரும் திடப்பொருளை வெளியே தள்ளும் அனிச்சைச் செயல் பிறவியிலேயே உண்டு. பெரும்பாலான குழந்தைகளுக்கு நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் அது தணியும், சிலருக்குக் கொஞ்சம் தாமதமாகும். தலை நிமிர்ந்து நின்று, சாய்மானத்தோடு உட்கார்ந்து, நம் தட்டை ஆவலாகப் பார்க்கத் தொடங்கினால் ஓரிரு கரண்டி கொடுத்துப் பார்க்கலாம். முகத்தைத் திருப்பினால் அன்றைக்கு அதோடு போதும். மூக்கைப் பிடித்து ஊட்டுவதும், திருஷ்டி என்று மிளகாய் சுற்றிப் போடுவதும் குழந்தைக்கு எந்த நன்மையும் செய்வதில்லை.

கூழை நீர்க்க வைப்பதில்தான் சிக்கல் இருக்கிறது. குழந்தையின் இரைப்பை ஒரு வேளைக்கு, கிலோ எடைக்குச் சுமார் 30 மில்லி கொள்ளும். ஏழு கிலோ குழந்தை என்றால் 210 மில்லி. தாய்ப்பாலுக்கு மேல் 6 முதல் 8 மாதக் குழந்தைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கலோரி தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 100 மில்லி கூழில் 10 கிராம் மாவு இருந்தால் கிடைப்பது 33 கலோரி அளவுதான். தாய்ப்பாலில் அதைப்போல இரு மடங்கு இருக்கிறது. ஆக, நீர்த்த கூழ் வயிற்றை நிரப்பிப் பாலுக்கான பசியையும் கெடுத்துவிடுகிறது. மாவைக் கூட்டினாலோ கூழ் களியாகிவிடும்.

ஏன் களியாகிறது? மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகள் வரிசையாகக் கோத்த நீண்ட சங்கிலி. சூடேறும்போது இந்தச் சங்கிலிகள் அடைந்திருக்கும் நுண்ணிய மாவுத் துகள்கள் நீரை உறிஞ்சி உப்பி வெடிக்கின்றன. வெளிவரும் சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கி, நீரை நகரவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. அந்தச் சங்கிலியை ஆங்காங்கே வெட்டிவிட்டால் போதும்: மாவு அப்படியே இருக்கும், கலோரி குறையாது, கூழ் மட்டும் இளகும். வெட்டும் கருவி கேழ்வரகுக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் எனக்கு அலுக்காத அதிசயம்.

கேழ்வரகை ஊறவைத்துத் துணியில் கட்டி வைக்கிறோம். ஈரம் பட்டதும் விதைக்குள் இருக்கும் கரு ஜிப்ரெல்லின் என்ற ஹார்மோனை அனுப்புகிறது. மாவைச் சுற்றியிருக்கும் அலியூரான் என்ற மெல்லிய அடுக்கு அதை உணர்ந்து, ஆல்ஃபா அமைலேஸ் என்ற நொதியைத் தயாரித்து மாவுப் பகுதிக்குள் விடுகிறது. இலை விட்டுத் தானே உணவு சமைத்துக்கொள்ளும்வரை முளைக்கு வேறு ஆகாரம் இல்லை. அதனால் தாய்ச்செடி சேர்த்து வைத்த மாவைச் செரிக்கத்தக்க துண்டுகளாக நறுக்கி அதற்கு ஊட்டுகிறது இந்த நொதி. விதைக்குள்ளும் ஒரு குழந்தைக்குச் சோறூட்டல் நடக்கிறது! நாம் அதைப் பாதி வழியில் நிறுத்தி, உலர்த்தி, அரைத்து, நொதியை நம் பிள்ளைக்குக் கடன் வாங்குகிறோம். முளைகட்டும்போது இரும்புச்சத்தைப் பிடித்துவைக்கும் ஃபைடிக் அமிலமும் குறைகிறது.

வீட்டிலேயே பார்க்கலாம். கரண்டி நட்டால் நிற்கும் பதத்தில் அரிசிக் கஞ்சியோ கேழ்வரகுக் கூழோ காய்ச்சுங்கள். இறக்கிச் சில நிமிடம் ஆறவிட்டு, சூடு இருக்கும்போதே முளைகட்டிய மாவு ஒரு சிறு கரண்டி போட்டுக் கிளறுங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு ஓரங்கள் பளபளத்து, நின்ற கரண்டி சாயும். சற்று நேரத்தில் கூழ் ஒழுகத் தொடங்கும். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்க்கவில்லை.

1980களில் பரோடா பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸ் குழுவும், மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் மல்லேஷி போன்றோரும் இதை அளந்து காட்டினார்கள். நம் பாட்டிமார் செய்த முளைமாவுக்கு அறிவியல் காரணம் கிடைத்தது. ஆனால் ஒரு கைப்பிடி கேழ்வரகில் வீட்டிலேயே கிடைத்துவிடுவதைப் பரப்ப அவ்வளவாகக் காசு வருவதில்லை. அங்கன்வாடி தோறும் இந்த ஒரு கரண்டி வித்தையைச் செய்து காட்ட அரசு செலவிட வேண்டும் என்பேன். விளம்பரத்தில் மின்னும் பானத்தூள்களைவிட இது பல மடங்கு மதிப்புள்ளது.

செய்பவர்கள் கவனிக்க: முளைத்த தானியத்தைப் பொன்னிறமாக வறுத்தால் நொதி செத்துவிடும். வாசம் வரும் அளவுக்கு இளஞ்சூடு போதும். கொதிக்கும் கூழில் போட்டாலும் பலனில்லை. கூழ் இளகிய பிறகு கட்டாயம் மறுபடி ஒரு கொதி விடுங்கள், ஏனென்றால் முளைக்கு உகந்த ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிகளுக்கும் உகந்தவை. ஒரு வயதுவரை உப்பும் சர்க்கரையும் வேண்டாம். அரைக் கரண்டி நெய் சேர்க்கலாம்.

இனிப்புக்காகவோ, சேனை வைக்கும் வழக்கத்துக்காகவோ தேனைத் தொடவே வேண்டாம். அதில் குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கக்கூடும். பச்சிளங்குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சைச் சுரந்தால் தசைகள் செயலிழக்கும், மூச்சே தடைபடலாம். கூழோடு சேர்த்துக் கொதிக்க வைத்தாலும் அந்த வித்துகள் சாவதில்லை.