ஆறு மாசத்துக்கு ஒரு தடவை தலையைக் காட்டினால் போதாது

போன வாரம் ஒரு தம்பி தன் அம்மாவை எங்கள் அலுவலகத்துக்கு அழைத்து வந்தார். அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, ஊர் திருநெல்வேலிப் பக்கம். அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதிக்கும் கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருடம் முடிந்துவிட்டது, அமெரிக்கக் குடியுரிமைக்கு என்-400 விண்ணப்பம் போட வேண்டும் என்றார். பாஸ்போர்ட்டை வாங்கி முத்திரைகளை எண்ணினேன். அந்த அம்மா இந்த ஐந்து வருடத்தில் இங்கே, அமெரிக்காவில், இருந்தது 212 நாள். தேவை 913.

"ஆறு மாசத்துக்குள்ள ஒரு தடவை வந்து போனா போதும்னு சொன்னாங்களே!"

யார் சொன்னது என்று கேட்டால், கோயிலில் பார்த்த யாரோ. அந்த யாரோவை ஒரு நாள் நேரில் பார்க்க வேண்டும் எனக்கு.

இருப்பது இரண்டு கணக்கு. ஒரே பயணத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால், உங்கள் தொடர் வசிப்பு அறுந்துவிட்டது என்றே அதிகாரி எடுத்துக்கொள்வார். அறவில்லை என்று காட்டுவது உங்கள் பாடு. ஒரு வருடம் ஆகிவிட்டால் பேச்சே இல்லை. ஊரெல்லாம் தெரிந்து வைத்திருப்பது இந்த ஒரு கணக்கைத்தான். அடுத்தது, விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து வருடத்தில் பாதி, அதாவது 30 மாதம் (மேலே சொன்ன 913 நாள்), ஆள் இங்கே இருந்திருக்க வேண்டும். (விமானம் ஏறும் நாளும் வந்து இறங்கும் நாளும் இங்கே இருந்ததாகவே சேரும். அந்த மட்டும் தாராளம்.) 170 நாள் ஊரில், 20 நாள் மகன் வீட்டில் என்று மாறி மாறி இருப்பவர் முதல் கணக்கில் தப்பித்த மாதிரி தெரியும். இரண்டாவதில் கட்டாயம் மாட்டுவார்.

அதோடு முடிந்தாலும் பரவாயில்லை. கிரீன் கார்டே இங்கே குடியிருப்பவருக்குத்தான். என்-400 போடுவது உங்கள் பயண வரலாற்றை நீங்களே கொண்டுபோய் நீட்டுவது. இவர் குடியிருப்பைக் கைவிட்டவர் என்று அதிகாரிக்குப் பட்டால், குடியுரிமை மறுக்கப்படுவதோடு கார்டுக்கும் ஆபத்து.

"ரீஎன்ட்ரி பெர்மிட் இருக்கே சார்?" இருக்கிறது. நீண்ட நாள் வெளியே தங்கிவிட்டுத் திரும்பி வர முன்கூட்டியே வாங்கும் அனுமதி அது. கார்டைக் காப்பாற்ற உதவும். குடியுரிமைக் கணக்கில் ஒரு நாளைக்கூட அது கூட்டித் தராது.

சரி, மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஐந்து வருடம் முடிவதற்கு 90 நாள் முன்பே விண்ணப்பிக்கலாம். குடிமகனை மணந்து அவரோடு சேர்ந்தே வாழ்பவர்களுக்கு மூன்று வருடம். வரியை நான்-ரெசிடென்ட் (இங்கே வசிக்காதவர்) என்று தாக்கல் செய்து பணம் மிச்சம் பிடிக்காதீர்கள், அது நீங்களே எழுதித் தரும் வாக்குமூலம். பழைய கைது, வழக்கு எதையும் மறைக்காதீர்கள், தள்ளுபடியானதையும் சொல்லுங்கள். டிரைவிங் லைசென்ஸ் எடுக்கும் இடத்தில் வாக்காளராகப் பதிய நீட்டும் தாளில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். குடிமகன் ஆகுமுன் ஓட்டுப் போட்டவரை நாட்டைவிட்டே அனுப்ப முடியும்.

ஆங்கிலம் தெரியாதே என்று பயப்படும் பெரியவர்களுக்கு ஒரு வழி உண்டு. 50 வயதும் கிரீன் கார்டோடு 20 வருட வாசமும், அல்லது 55 வயதும் 15 வருடமும் ஆகியிருந்தால், ஆங்கிலத் தேர்வு கிடையாது. அமெரிக்க வரலாறு, அரசு பற்றிய குடிமைக் கேள்விகளுக்கு மொழிபெயர்ப்பாளரை வைத்துத் தமிழிலேயே பதில் சொல்லலாம்.

அப்புறம், உறுதிமொழி எடுத்த அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடும். வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை குடியுரிமை அல்ல. பழைய இந்தியப் பாஸ்போர்ட்டை நீட்டிப் பயணம் போகாமல் முறைப்படி ஒப்படையுங்கள்.

பிள்ளைகளிடம் ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். கார்டுக்கு மனுப் போடும் முன் அம்மா அப்பாவுக்கு இங்கே வாழ விருப்பமா என்று கேளுங்கள். அன்று நான் கேட்டேன். மகன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "எனக்கு எங்க வீடுதான்யா வசதி" என்றார் அந்த அம்மா. அப்படியானால் ஐ-407 படிவத்தில் கார்டைத் திருப்பித் தந்துவிட்டு விசிட்டர் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்றேன். தம்பி யோசித்துச் சொல்வதாகப் போயிருக்கிறார்.