நைட்டி நீளவில்லை, அத்தை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், ரப்பர் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த என் அத்தை தையற்காரியிடம் சண்டைக்கே போய்விட்டார். மூன்று வருடத்துக்கு முன் அளவெடுத்துத் தைத்த நைட்டி இப்போது தரையைக் கூட்டுகிறதாம். துவைத்த பருத்தித் துணி சுருங்கும், நீளுமா? குள்ளமானது அத்தைதான். முதுகெலும்பில் இரண்டு கட்டைகள் நசுங்கியிருந்ததை எக்ஸ்ரே காட்டியது. எலும்பு உள்ளே அரித்து மெலிந்துபோகும் எலும்புப்புரை நோய். எப்போது நசுங்கின என்று அவருக்கே தெரியாது. இந்த வகை முறிவுகள் பெரும்பாலும் ‘இடுப்பு வலி’ என்ற பெயரில் தைலம் தேய்த்தே கழிந்துவிடும்.

எலும்பும் ஒரு தோட்டம்தான். மறுநடவு ஓயாமல் நடக்கிறது. எலும்பைக் கரைக்கும் செல்கள் ஓரிடத்தைச் சுமார் 3 வாரத்தில் குடைந்துவிடும். அந்தக் குழியை நிரப்பக் கட்டும் செல்களுக்கு 3, 4 மாதம் பிடிக்கும். பால் மரத்தை, அதாவது ரப்பர் மரத்தைச் சாய்க்க ஒரு காலைப்பொழுது போதும், கன்று வளர்ந்து பால் வெட்டுக்கு வர ஆறேழு வருடம் ஆகிறதே, அந்தக் கணக்கு. வெட்டும் கூட்டத்தை அடக்கி வைத்திருந்த மண்டோர், அதாவது மேற்பார்வையாளர், ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன். 50 வயதை ஒட்டி மாதவிடாய் நிற்கும்போது அவர் வேலையை விட்டுவிடுகிறார். பிறகு பார்க்கும் இடமெல்லாம் குழி. அதையடுத்த 5 முதல் 7 வருடங்களில் எலும்பில் 20 விழுக்காடு வரை போய்விடலாம். முதுகெலும்பின் உட்புறம் சல்லடை போன்றது, குடைவதற்கு இடம் அதிகம். அதனால் அடி முதலில் அங்கேதான் விழுகிறது.

“காண்டா போட்டு அவ்வளவு பால் சுமந்தேனே, அந்தப் பலமெல்லாம் எங்கே?” என்று அத்தை கேட்டார். காண்டா என்பது வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமக்கும் கழி. சுமை ஏறினால் எலும்பு தன்னைக் கெட்டிப்படுத்திக்கொள்ளும். நாற்காலியும் தொலைக்காட்சியுமாக இருந்தால் கரைத்துவிடும். வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊர்தான். ஆனால் கொசுவுக்கு முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, மேலே மர நிழல் என்று உழைத்த தோலில் வைட்டமின் டி எங்கிருந்து ஊறும்?

50 தாண்டிய பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 300க்கு மேல் இருக்கிறது. நெத்திலியை முள்ளோடு மென்று தின்ன வேண்டும். சாற்றை எடுத்துக்கொண்டு மீனை வீசுகிறவர்கள் கால்சியத்தைத்தான் வீசுகிறார்கள்.

எலும்பு அடர்த்திச் சோதனையில், இளம் வயது எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் டி-ஸ்கோர் எண் அத்தைக்கு -2.5க்கும் கீழே இருந்தது. அதுதான் எலும்புப்புரைக்கான கோடு. வெட்டும் செல்களை அடக்க வாரம் ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோப்பி வாசனை வரும்போது, நிமிர்ந்து உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தை முறைத்துக்கொண்டிருக்கிறார் அத்தை.