சமநிலையைக் கேட்டு வாங்கத் தெரியுமா?

யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் பழக்குகிறேன். போட்டி மண்டப வாசலில் அடிக்கடி காதில் விழும் கேள்வி, "ஏன் வெல்லேல்லை?" சமநிலையில் முடித்து அரைப் புள்ளியோடு வரும் பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். ஆனால் அந்த அரைப் புள்ளியையும் மேசையிலேயே விட்டுவிட்டு வந்தான் என் மாணவன் ஒருவன்.

அவனுக்குக் கறுப்பு. எதிரில் ரேட்டிங் கூடியவன். ஆடியது ரூய் லோபஸ் என்ற தொடக்க ஆட்டத்தில் பெர்லின் தற்காப்பு: வெள்ளை மந்திரி பி5-க்கு வந்ததும் கறுப்பு தன் குதிரையை எஃப்6-இல் வைப்பது. 2000-இல் லண்டனில் கிராம்னிக், உலகப் பட்டம் வைத்திருந்த காஸ்பரோவை மறித்ததும் இதை வைத்துத்தான். 15 ஆட்டங்களில் காஸ்பரோவால் ஒன்றைக்கூட வெல்ல முடியவில்லை; உலகப் பட்டமும் கைமாறியது.

இந்தத் தற்காப்பில் ஒரு கிளை 14 நகர்வுகளில் சமநிலைக்கு வந்துவிடும். வெள்ளை ராணி ஈ4-இல் செக் வைக்க, கறுப்பு ராணி ஈ6-இல் மறிக்கும். அது டி4-க்குத் திரும்பினால் இது டி6-க்குத் திரும்பும். பிறகும் அதே கதை. ஒரே நிலை மூன்றாம் தரம் வரும்போது, முறை உள்ளவர் சமநிலை கேட்கலாம்.

மாணவன் எல்லாம் சரியாக ஆடினான். 14ஆவது நகர்வில் ராணியை டி6-இல் வைத்து, மணிக்கூட்டை அழுத்திவிட்டுக் கையை உயர்த்தினான். "சேர், மூன்று தரம் வந்திட்டுது." நடுவர் ஏற்கவில்லை. அவர் செய்தது சரிதான். மணிக்கூட்டை அழுத்தியதும் முறை எதிராளிக்குப் போய்விட்டது. கேட்கும் உரிமையும் கூடவே போய்விட்டது. ராணியைத் தொடாமல், அந்த நகர்வைத் தாளில் எழுதி, மணிக்கூட்டை நிறுத்தி நடுவரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். எதிராளி ராணிகளை வெட்டிக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்ந்தான். நம்மவன் கடைசியில் சிப்பாய் ஒன்றை விட்டுத் தோற்றான்.

பிழை என்னில்தான். 14 நகர்வையும் பாடமாக்க வைத்த நான், கடைசி நகர்வை முதலில் எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

பெற்றோரும் இதைத் தெரிந்து வைத்திருங்கள். எண்ண வேண்டியது செக்குகளை அல்ல, நிலைகளை. அதே காய்கள், அதே கட்டங்கள், அதே ஆளின் முறை, கோட்டை கட்டும் (ராஜாவையும் மூலைக் காயையும் ஒரே நகர்வில் மாற்றிவைக்கும்) உரிமையும் மாறாமல் இருக்க வேண்டும். மூன்றும் அடுத்தடுத்து வரத் தேவையில்லை. பிழையாகக் கேட்டால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். ஐந்தாம் தரம் வந்தால்தான் நடுவர் தானாகவே ஆட்டத்தை முடிப்பார்.

இப்போது வகுப்பின் கடைசி ஐந்து நிமிடம் இதற்குத்தான்: எழுதிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, "சேர்" என்று கூப்பிடும் பயிற்சி. பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு.