“ஹஷி” எந்த ஊர்ச் சொல்? ‘கா’ சேர்த்துக் கேளுங்கள்

ஜப்பானிய மொழி கற்றுத்தருகிறேன். அந்த மொழியில் ஒரு சொல்லின் எந்த அசையில் குரல் உயர்கிறது, எதில் தாழ்கிறது என்ற சுரம் பொருளை மாற்றும். அதைக் குறிக்க மாணவர்கள் சிலர் சொற்களின் தலைமேல் ஏறி இறங்கும் கோடு போட்டு நோட்டைக் காட்டுவார்கள். அக்கறையைப் பார்த்து மகிழ்ச்சியாக இருக்கும். “இது எந்த ஊர்ப் பேச்சு?” என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

‘ஹஷி’யை எடுத்துக்கொள்வோம். டோக்கியோவில் ‘ஹ’ உயர்ந்து ‘ஷி’ தாழ்ந்தால் சாப்பிடும் குச்சி. ‘ஹ’ தாழ்ந்து ‘ஷி’ உயர்ந்தால் பாலம். விளிம்பு என்ற பொருளில் வரும் ‘ஹஷி’க்கும் அதே ஏற்றம்தான். தனியாகச் சொன்னால் இந்த இரண்டையும் காதால் பிரிப்பது கடினம். எழுவாய்க்குப் பின் வரும் ‘கா’ என்ற இடைச்சொல்லைச் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பாலத்தில் ‘கா’ சட்டென்று இறங்கும். விளிம்பில் உயரத்திலேயே நிற்கும். சொல்லைத் தனியாகக் கேட்டு எழுதியது பாதிக் குறிப்புதான்.

கியோட்டோ, ஒசாகா பக்கம் போனால் ‘ஹ’ உயர்ந்து ‘ஷி’ தாழ்வதுதான் பாலம். குச்சிக்குத் தாழ்ந்து உயரும். விளிம்புக்கு இரண்டு அசையும் உயரம். “ஒசாகாக்காரர் தப்பாகப் பேசுகிறார்” என்று மாணவர் சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஹெயான் காலத்து (8 முதல் 12ஆம் நூற்றாண்டு வரை) ‘ருய்ஜூ ம்யோகிஷோ’ அகராதியில் புள்ளியிட்டுக் காட்டிய பழைய கியோட்டோ சுரங்களைக் கொண்டு, ஈரசைப் பெயர்ச்சொற்களை ஐந்து வகுப்பாகப் பிரிக்கிறார்கள். அந்த வேறுபாடுகளில் கியோட்டோவில் இன்று நான்கு பிழைத்திருக்கின்றன, டோக்கியோவில் மூன்றுதான்.

ஜப்பானின் தென்மேற்கில் உள்ள ககோஷிமா எனக்கு மிகவும் பிடித்த இடம். அங்கே சொல் எவ்வளவு நீண்டாலும் இரண்டே சுர வகைகள். மூக்கும் ‘ஹனா’, பூவும் ‘ஹனா’. மூக்கென்றால் கடைசிக்கு முந்தைய அசை உயரும். பூவென்றால் கடைசி அசை. ‘கா’ சேர்த்ததும் மூக்கில் உயரம் ‘னா’வுக்கு நகரும், பூவில் ‘கா’வுக்கே போய்விடும். மியாசாகி மாநிலத்தின் மியாகோனோஜோவில் எல்லாச் சொல்லுக்கும் கடைசி அசைதான் உயரம். டோக்கியோவுக்கு வடக்கே உள்ள இபராகி, தொச்சிகி மாநிலங்களின் பெரும்பகுதியில் சுரத்தால் சொற்களைப் பிரிக்கும் வழக்கமே இல்லை.

தமிழ்க் காதுக்கு ஒரு பழக்கம் உண்டு: உயர்ந்த அசையை நெடிலாக்கிவிடும். நமக்குப் பொருளை மாற்றுவது குறில் நெடில்தானே! ஜப்பானியத்திலும் அது பொருளை மாற்றும்: ‘ஒபசான்’ அத்தை, ‘ஒபாசான்’ பாட்டி. அதனால் வகுப்பில் முதலில் வாயை மூடி, சொல்லின் மெட்டை மட்டும் முனகச் சொல்வேன். அசையின் நீளம் மாறாமல் சுரம் பிடிபட்ட பிறகுதான் பென்சில். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் பேசியவரின் ஊரும் வயதும் எழுத வேண்டும். ‘கா’ சேர்த்த வடிவம் அதற்குக் கீழே.