காளான் இறைச்சிக்கு ஈடாகுமா?

இறைச்சியைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் அனுப்பிவைப்பவர்கள், உணவு ஆலோசகரான என்னிடம் பெரும்பாலும் கேட்பது, ‘அதற்குப் பதிலாகக் காளான் சாப்பிட்டால் புரதம் கிடைத்துவிடும் அல்லவா?’ என்பதுதான். கிடைக்கும், ஆனால் அவர்கள் எண்ணும் அளவுக்கு அல்ல. 100 கிராம் மொட்டுக் காளானில் 90 கிராமுக்கு மேல் தண்ணீர்தான். புரதம் ஏறத்தாழ 3 கிராம். ஏறக்குறைய அதே எடையுள்ள இரண்டு முட்டைகளில் 12 கிராம் புரதம் இருக்கிறது.

காளானின் உண்மையான பயன் வேறிடத்தில் இருக்கிறது. அதே 100 கிராமில் சுமார் 22 கலோரிதான். கொழுப்பும் சோடியமும் மிகக் குறைவு. இயல்பாகவே உள்ள குளுட்டமேட் அதற்கு இறைச்சியை ஒத்த சுவையைத் தருகிறது. ஆகவே கொத்திய இறைச்சியில் பாதியை எடுத்துவிட்டு அவ்விடத்தில் காளானைச் சேர்த்தால், சுவை பெரிதும் குன்றாமல் கலோரியும் கொழுப்பும் குறைவதுடன், உப்பையும் சற்றுக் குறைத்துக்கொள்ள முடிகிறது. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ரைபோஃபிளேவின், நியாசின், செலினியம், தாமிரம் ஆகியவையும் கிடைக்கின்றன.

வைட்டமின் டி பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். காளான் தாவரமன்று, பூஞ்சை. அதன் செல்சவ்விலுள்ள எர்கோஸ்டிரால் என்னும் பொருள், புற ஊதாக் கதிர் பட்டால் வைட்டமின் டி2 ஆக மாறுகிறது. இருட்டறையில் வளர்க்கப்பட்ட காளானில் இந்தச் சத்து அநேகமாக இருப்பதில்லை. ஆனால் சமைப்பதற்கு முன் அதை நறுக்கி, நண்பகல் வெயிலில் 15 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை பரப்பி வைத்தால், 100 கிராமில் 10 மைக்ரோகிராம் அளவுக்குக்கூட அது உருவாகக்கூடும். கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் வைப்பதில் பயனில்லை, ஏனெனில் தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். குறைபாடு உறுதியானவர்கள் இதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. இரத்தத்தில் அளவை உயர்த்தி நிலைநிறுத்துவதில் டி2, நம் தோலில் வெயிலால் உருவாகும் டி3-ஐ விட வலுக் குறைந்தது. வைட்டமின் பி12-க்காகக் காளானை நம்புவதோ முற்றிலும் தவறு.

பச்சையாக உண்பதை நான் ஊக்குவிப்பதில்லை. செல்சுவரிலுள்ள கைட்டின் எளிதில் செரிக்காது. சரியாக வேகாத ஷிடேக் காளான், சிலருக்குச் சாட்டையால் அடித்தது போன்ற நீண்ட தடிப்புகளை உடலெங்கும் உண்டாக்கும். பொட்டாசியம் கணிசமாக இருப்பதால், அதைக் கட்டுப்படுத்தச் சொல்லப்பட்ட சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்டுவிட்டே அளவை முடிவு செய்ய வேண்டும்.

தானாக முளைக்கும் காளானில்தான் சத்து அதிகம் என்ற எண்ணமும் பலரிடம் இருக்கிறது. இந்த ஒன்றில் மட்டும் நான் சற்றுக் கடுமையாகவே பேசிவிடுவேன். கொல்லும் வகைகள் சில, உண்ணும் வகைகளைப் போலவே தோன்றும். வெள்ளிக் கரண்டி கறுக்கிறதா என்று பார்ப்பது போன்ற சோதனைகள் எதுவும் அவற்றைக் காட்டிக்கொடுக்காது. அமடாக்சின் என்ற நஞ்சு எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அழியாது. உண்டு 6 மணி நேரம் கடந்த பிறகே பெரும்பாலும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். பின்னர் குணமானதுபோல் ஓர் இடைவெளி வரும். அந்த இடைவெளியிலும் கல்லீரல் சிதைந்துகொண்டிருக்கும். எனவே ஐயம் எழுந்த உடனேயே, மீந்த காளானையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.