ஷிஃப்டருக்குள் ஒளிந்திருக்கும் அரைச் சுற்று

வெள்ளைத் துணியை விரித்து, சைக்கிளின் கியர் மாற்றும் ஷிஃப்டரைக் கழற்றிய வரிசையிலேயே ஒவ்வொரு பாகத்தையும் அடுக்கி வைத்திருந்தேன். கழற்றக் கழற்றப் படமும் எடுத்திருந்தேன். திரும்பப் பூட்டியபோது ஒரு வாஷர்கூட மிச்சமாகவில்லை. மேல் தகட்டை மூடி, நட்டை முறுக்கி, பெரிய லீவரை அழுத்தினால் ‘டிக், டிக்’ என்று அழகாக ஏறியது. சின்ன லீவரைத் தட்டினால் இறங்கவில்லை. உள்ளே கேபிளைச் சுற்றிக்கொள்ளும் உருளை ஏறிய இடத்திலேயே நின்றது. படத்தையும் கையில் இருப்பதையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். எள்ளளவும் வித்தியாசம் தெரியவில்லை.

மறுநாள்தான் பிடிபட்டது. பாகங்கள் எல்லாம் அதனதன் இடத்தில்தான் இருந்தன. நடுவில் இருக்கும் சுருள் ஸ்ப்ரிங்கின் அரைச் சுற்று முறுக்குதான் காணாமல் போயிருந்தது. மூடியைத் திறந்த நொடியில் அது சத்தமில்லாமல் அவிழ்ந்துவிட்டது. எந்த இடத்தில் எந்தப் பாகம் என்பதுதான் படத்தில் பதியும். எவ்வளவு முறுக்கு என்பது பதியாது.

கியர் சைக்கிளின் ஹேண்டில்பாரில் விரலுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டிக்கு வேலை ஒன்றே ஒன்று: கேபிளை அளந்து இழுப்பது, அளந்து விடுவது. பின்சக்கரத்தில் எட்டுப் பல்சக்கரங்களை அடுக்கிய கேசட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு பல்சக்கரத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 4.8 மி.மீ. சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோ நிறுவனத்தின் 8 கியர் அமைப்பில் கேபிள் 1 மி.மீ. நகர்ந்தால், செயினைப் பக்கவாட்டில் தள்ளும் டீரெய்லர் ஏறத்தாழ 1.7 மி.மீ. நகரும். அப்படியானால் ஒரு கியர் மாற ஷிஃப்டர் இழுக்க வேண்டிய கேபிள் சுமார் 2.8 மி.மீ. ஏழு தடவை மாற்றினாலும் மொத்தம் 2 செ.மீ.க்குள்தான். கேபிளைச் சுற்றிக்கொள்ளும் உருளையின் ஆரம் 8 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், ஒரு ‘டிக்’குக்கு அது திரும்புவது 20 டிகிரி, முதலிலிருந்து கடைசி கியர் வரை 140 டிகிரி. அரைச் சுற்றுகூட இல்லை. இதில் கேபிள் அரை மி.மீ. பிசகினாலே செயின் பக்கத்துப் பல்சக்கரத்தில் உரசி முனகத் தொடங்கிவிடும்.

இந்த அளவெடுப்பு ஒரு காலத்தில் ஓட்டுபவரின் கைப்பழக்கத்தில் இருந்தது. பழைய லீவரில் பல்லும் கிடையாது, ‘டிக்’கும் கிடையாது. ஒரு ஸ்க்ரூவின் இறுக்கத்தால் வரும் உராய்வு மட்டுமே லீவரை நிறுத்திவைக்கும். செயின் சத்தத்தைக் காதால் கேட்டு, கையால் கொஞ்சம் கூட்டிக் குறைத்து ஓட்டினார்கள். 1984-ல் ஷிமானோ தன் டியூரா-ஏஸ் வரிசையில் எஸ்.ஐ.எஸ். என்ற பெயரில் படிப்படியாக நிற்கும் ஷிஃப்டரைக் கொண்டுவந்தபோது அந்தக் காதின் வேலையும் கையின் வேலையும் பெட்டிக்குள் போயின. 1990 வாக்கில் அதே பொறி பிரேக் லீவருக்குள்ளேயே குடியேறிவிட்டது. நன்றாக ஓடுகிற உராய்வு லீவரைக் கழற்றிப் பூட்ட ஐந்து நிமிடம் போதும். பிரேக் லீவருக்குள் இருக்கிற ஷிஃப்டரோ கைக்கடிகாரம் போல, அவசரப்பட்டுத் தொடக்கூடாது.

கடிகாரம் என்று சும்மா சொல்லவில்லை. உள்ளே நடப்பது கடிகாரத்தில் நடப்பதேதான்.

பெட்டிக்குள் நடுநாயகமாக இருப்பது உருளை. அதன் விளிம்பில் ரம்பம் போல ஒருபக்கம் சாய்ந்த பற்கள். அந்தப் பற்களோடு உறவாடுபவை சின்னச் சின்ன எஃகு நாக்குகள். பெடல் மிதிப்பதை நிறுத்தியதும் பின்சக்கரத்தில் ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம் கேட்குமே, அங்கே பல்லின் மேல் வழுக்கி வழுக்கி விழுவதும் இப்படிப்பட்ட நாக்குகள்தான். ஒரு திசையில் வழுக்கும், எதிர்த்திசையில் முட்டி நிற்கும். ஷிஃப்டரின் பெரிய லீவரோடு சேர்ந்து நகரும் நாக்கு, உருளையை ஒரு பல் தள்ளி கேபிளை இழுக்கிறது. விரலை எடுத்ததும் லீவர் திரும்பிவிடும், உருளை திரும்பாது. காரணம், இன்னொரு நாக்கு அடுத்த பள்ளத்தில் விழுந்து பிடித்துக்கொள்கிறது. காதில் விழும் ‘டிக்’ அதுதான்.

ஏறுவது இவ்வளவு சுலபம். இறங்குவதில்தான் வடிவமைத்தவரின் மூளை தெரிகிறது. யோசித்துப் பாருங்கள்: டீரெய்லரின் ஸ்ப்ரிங் அந்தப் பக்கமிருந்து கேபிளை இழுத்துக்கொண்டே இருக்கிறது. உருளையின் சொந்த ஸ்ப்ரிங்கும் அதே திசையில் தள்ளுகிறது. பிடித்திருக்கும் நாக்கைத் தூக்கினால் உருளை ஏழு பல்லையும் தாண்டி ஒரே ஓட்டமாக ஓடிவிட வேண்டும் அல்லவா? ஓடுவதில்லை. சின்ன லீவரைத் தட்டும்போது பிடித்திருக்கும் நாக்கு மேலே போகிற அதே அசைவில், வேறொரு நாக்கு பற்களின் பாதைக்குள் நுழைந்துவிடுகிறது. விடுபட்ட உருளை கொஞ்சம் நகர்ந்து அதன்மேல் மோதி நிற்கும். விரலைத் தளர்த்தியதும் பிடிக்கும் நாக்கு பற்களின் பாதைக்குத் திரும்பும். அதன் பிறகே தடுப்பு நாக்கு விலகி, உருளை அடுத்த பள்ளத்தில் பிடிபட்டு நிற்கும். ஒரு கதவு மூடிய பிறகே அடுத்த கதவு திறக்கிறது. ஊசல் கடிகாரத்தில் முள்ளை நகர்த்தும் பல்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக விடுவிக்கும் நங்கூர வடிவப் பொறி 17-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. அதே யோசனைதான் இங்கே விரல்நுனியில் வேலை செய்கிறது. எத்தனை தடவை திறந்து பார்த்தாலும் இந்த இடம் எனக்கு அலுப்பதில்லை.

இந்த நாக்குகளைப் பள்ளத்தில் அழுத்தும் ஸ்ப்ரிங்குகள் மிக மெல்லிய கம்பிகள். வலுவே இல்லாதவை. வேண்டுமென்றேதான் அப்படி, வலுவாக இருந்தால் லீவரை அழுத்த விரல் நோகும். ஆனால் அதனாலேயே அவற்றுக்குப் பழைய கிரீஸ் எமனாகிறது. கிரீஸ் என்பது எண்ணெயையும் அதைக் கெட்டியாகப் பிடித்துவைக்கும் சோப்பு போன்ற பொருளையும் சேர்த்துக் குழைத்தது. வருடக்கணக்கில் எண்ணெய் பிரிந்தும் ஆக்சிஜனேற்றம் அடைந்தும் போக, மிச்சம் நிற்பது பழுப்பு நிறப் பசை. ஒரு நாக்கை இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன்: முனையில் தேன் உறைந்ததுபோல ஒரு படலம். நகத்தால் சுரண்டினால் மெழுகாக உதிர்ந்தது. அந்தப் படலம் பிடித்திருந்தால் நாக்கு விழ வேண்டிய நேரத்தில் விழாது. லீவர் காற்றில் ஆடும்.

அதனால் என் கருத்து இது: லீவர் வெறுமனே ஆடுகிறது என்றால் முதலில் கழுவுங்கள், கழற்றாதீர்கள். வெளி மூடியை மட்டும் எடுத்துவிட்டு, பிளாஸ்டிக்கைக் கெடுக்காத கரைப்பானை விட்டு, லீவரை ஐம்பது அறுபது தடவை அழுத்தினாலே பல ஷிஃப்டர்கள் உயிர் பெற்றுவிடும். காய்ந்த பிறகு நாக்குகளின் அச்சில் மெல்லிய எண்ணெய் ஒரு துளி. கெட்டி கிரீஸை அப்பினால் பழைய நோயை நாமே திரும்ப வரவழைத்ததாகிவிடும்.

கழுவியும் சரியாகவில்லை, பிரித்தே ஆக வேண்டும் என்றால், பெரிய நிறமற்ற பிளாஸ்டிக் பைக்குள் கைகளை விட்டுப் பிரியுங்கள். தெறிக்கிற ஸ்ப்ரிங் பைக்குள்ளேயே விழும். நடு நட்டைத் தளர்த்தும்போது மேல் தகட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி மெதுவாகத் தூக்குங்கள். உருளை எந்தப் பக்கம் எவ்வளவு சுழன்று ஓய்கிறது என்பதை அப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திரும்பப் பூட்டும்போது கொடுக்க வேண்டிய முறுக்கு அதுவே.

அதைக் கவனிக்காமல் விட்டவர்களுக்கும் வழி உண்டு. உலோகம் தன் பழக்கத்தை மறைப்பதில்லை. ஸ்ப்ரிங்கின் கால் வருடக்கணக்கில் அழுத்திய இடம் தேய்ந்து மினுக்கும். தகட்டில் மூன்று துளைகள் இருந்து, ஒன்றின் ஓரம் மட்டும் பளபளத்தால் கால் அங்கேதான் இருந்தது. வாஷரின் எந்த முகம் தேய்ந்திருக்கிறதோ அந்த முகமே அசையும் பாகத்தைப் பார்த்திருந்தது. என் ஷிஃப்டரைக் கடைசியில் காப்பாற்றியது படங்கள் அல்ல, லென்ஸ் வைத்துப் பார்த்த இந்தத் தேய்மானங்கள்தான்.

முறுக்கு ஏன் வேண்டும்? சுருள் ஸ்ப்ரிங் தள்ளும் விசை, அது எவ்வளவு சுழற்றப்பட்டிருக்கிறதோ அதற்கேற்பவே இருக்கும். முறுக்கே கொடுக்காமல் பூட்டினால் உருளை கடைசிப் பல்லை நெருங்கும்போது விசை பூஜ்யத்துக்கு வந்துவிடும். கேபிளின் உராய்வு ஜெயித்துவிடும். சின்னப் பல்சக்கரங்களுக்குச் செயின் இறங்கத் தயங்கும். அளவுக்கு மீறி முறுக்கினாலும் கெடுதல்தான்: பெரிய பல்சக்கரத்தை எட்டும் முன்பே சுருள்கள் நெருங்கி லீவர் கல்லாகிவிடும்.

நடு நட்டின் இறுக்கமும் கவனிக்க வேண்டியது. இறுக்கிவிட்டால் தகடுகள் உருளையை நெரிக்கும். தளர்ந்தால் நாக்கு பல்லின் தளத்திலிருந்து விலகி வழுக்கும். தடையில்லாமல் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. திருகிச் சுழற்றும் வகை ஷிஃப்டர்களில் இந்தத் தலைவலி இல்லை. அங்கே பெரும்பாலும் ஒரு வளைந்த ஸ்ப்ரிங்கும் வரிசையான பள்ளங்களும்தான். அந்த ஸ்ப்ரிங்கைத் தலைகீழாகப் போடாமல் இருந்தால் போதும்.

சைக்கிளில் மாட்டும் முன் மேசையிலேயே சோதித்துவிடுங்கள். பழைய கேபிள் ஒன்றைக் கோத்து, அதன் நுனியை ஒரு கையால் இழுத்துப் பிடித்தபடி மறுகையால் லீவரை இயக்குங்கள். இழுக்கும் கை இல்லாவிட்டால் நல்ல ஷிஃப்டரும் சில சமயம் தடுமாறும், ஏனென்றால் டீரெய்லர் எப்போதும் இழுத்துக்கொண்டிருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அது கட்டப்பட்டிருக்கிறது. ஏழு ஏற்றம், ஏழு இறக்கம், ஒவ்வொன்றும் தனித்தனி ‘டிக்’. ஒன்று தாண்டினாலும் திரும்பத் திறக்கத்தான் வேண்டும்.

சரியாக எண்ணி முடித்தால், சின்ன லீவரை அது போகும் மட்டும் தட்டி உருளையை முழுக்க அவிழ்ந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். அந்த நிலையில்தான் கேபிளின் குமிழ் தலை நுழையும் துளை வெளியே தெரியும். புதுக் கேபிளைக் கோத்து, கியருக்கென்றே உள்ள உறையில் விடுங்கள். அதன் கம்பிகள் நீளவாக்கில் ஓடுவதால் அழுத்தத்தில் சுருங்காது. சுருளாகச் சுற்றிய பிரேக் உறையைப் போட்டால் அந்த 2.8 மி.மீ.யில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும். கியர் உறையைப் பிரேக்குக்கு ஒருபோதும் போடாதீர்கள், அழுத்தம் தாங்காமல் வெடித்துப் பிளந்துவிடும். பிறகு பின்சக்கரத்தைத் தூக்கிப் பெடலைச் சுற்றுங்கள். பெரிய பல்சக்கரத்துக்கு ஏறச் செயின் தயங்கினால், கேபிள் முனையில் உள்ள திருகு குமிழை இடப்பக்கமாகக் கால் சுற்று திருப்பி, மறுபடி கேளுங்கள்.